முடிவு யார் கையில்? ஆங்கிலம் அதை ஒளித்து வைக்கும் இடங்கள்

கேட்டவரின் சிக்கல் சுருக்கமாக இதுதான். புது வேலை, மேலாளர் லண்டனில் இருக்கிறார். அவருடைய மெயில்களில் ஒரு நாள் ‘இட்ஸ் அப் டு யூ’ என்று வருகிறது, இன்னொரு நாள் ‘யுவர் கால்’, அப்புறம் ‘ஐ வில் லீவ் இட் வித் யூ’. போன வாரம் ஓர் அறிக்கையைப் பற்றி ‘யூ மைட் வான்ட் டு ரீடூ த செகண்ட் செக்‌ஷன்’ என்று எழுதியிருக்கிறார். “வேண்டுமானால் மாற்று” என்கிறார் போலிருக்கிறது என்று இவர் விட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து “ஏன் மாற்றவில்லை?” என்று கேள்வி வந்திருக்கிறது. இதில் எதிலுமே ‘டிசைட்’ என்ற சொல் இல்லையே, முடிவு யாருடையது என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று கேட்கிறார்.

இருபது வருடத்துக்கு மேலாக ஒப்பந்தங்களையும் அலுவலகக் கடிதங்களையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவதுதான் என் பிழைப்பு. அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்: ‘டிசைட்’, ‘டிசிஷன்’ என்ற சொற்களைத் தேடவே தேடாதீர்கள். அவை கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். சாவிக்கொத்து வேறு யார் இடுப்பிலோ இருக்கும். ஆங்கிலத்தில் அந்த இடுப்பு பெரும்பாலும் பொடிச் சொற்களுடையது: அப், ஆன், ஃபார், லெட், ஷல், கெட்.

முதலில் ‘அப் டு’. இது தனியாக நின்றால் “உங்கள் இஷ்டம்”. காபியா டீயா? இட்ஸ் அப் டு யூ. ஆனால் பின்னால் ஒரு வினை ஒட்டிக்கொண்டால் கதை மாறிவிடும். ‘இட்ஸ் அப் டு யூ டு லாக் த டோர்’ என்றால் பூட்டலாம், பூட்டாமலும் இருக்கலாம் என்று பொருள் இல்லை. பூட்டுவது உன் பொறுப்பு, பூட்டாமல் போய் ஏதாவது நடந்தால் உன்னைத்தான் கேட்பேன் என்று பொருள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடகை ஒப்பந்தத்தில் நான் இதில் விழுந்தேன். காப்பீடு எடுப்பது ‘அப் டு த டெனன்ட்’ என்று இருந்ததை “வாடகைதாரரின் விருப்பம்” என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வக்கீல் ஒருவர் கையெழுத்துக்கு முன்னால் பார்த்துப் பிடித்தார், பிழைத்தேன். உரிமையும் பொறுப்பும் ஒரே சொல்லில் குடியிருக்கும்போது, பின்னால் வரும் வினையைப் பார்க்காமல் பேனாவை எடுக்கக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்தது.

தொனியும் ஒன்று இருக்கிறது. “உங்க இஷ்டம்” என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னால் அது நம் இஷ்டம் இல்லை என்று எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் தெரியும். ‘அப் டு யூ’ என்று மொட்டையாக ஒற்றை வரியில் வரும் பதிலிலும் அந்த வெடுக்கு இருக்கலாம். ‘ஸூட் யுவர்செல்ஃப்’ என்றால் சந்தேகமே வேண்டாம், கோபம்தான்.

‘ஆன்’ வந்தால் சுமை. ‘இட்ஸ் ஆன் யூ’ என்றால் முடிவு உன்னுடையது என்பதைவிட, பழி உன்னுடையது. (சாப்பாட்டுக் கடையில் ‘இட்ஸ் ஆன் மீ’ என்றால் பில் என்னுடையது. அங்கேயும் சுமைதான், கொஞ்சம் இனிப்பான சுமை.) ‘வித்’ வந்தால் அதிகாரம் ஓரிடத்தில் போய்த் தங்குகிறது: ‘த டிசிஷன் ரெஸ்ட்ஸ் வித் த போர்டு’. ஆனால் உங்கள் மேலாளர் எழுதிய ‘லீவ் இட் வித் யூ’ வேறு. அது “வேலையை உங்களிடம் விட்டுவிட்டேன், கவனித்துக்கொள்ளுங்கள்” என்பது மட்டும்தான். எப்படி முடிக்க வேண்டும் என்ற முடிவையும் சேர்த்து விட்டுவிட்டாரா என்பது அதில் இல்லை. ‘லீவ் இட் அப் டு யூ’ என்றிருந்தால் முடிவும் கைமாறியிருக்கும். நடுவில் ஒரு ‘அப்’, அவ்வளவுதான் வித்தியாசம்.

‘ஃபார்’ கொஞ்சம் விறைப்பானது. ‘இட் இஸ் ஃபார் த கோர்ட் டு டிசைட்’ என்றால் நீதிமன்றம்தான் முடிவு செய்யும் என்பதோடு மற்றவர் யாரும் மூக்கை நுழைக்க வேண்டாம் என்ற வேலியும் சேர்ந்தே வருகிறது. ‘இட்ஸ் நாட் ஃபார் மீ டு ஸே’ என்று ஒருவர் சொன்னால் அது அடக்கமாகவும் இருக்கலாம், நழுவலாகவும் இருக்கலாம். பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும்.

சரி, பொடிச் சொல் வினையாகவும் வரும். ஒருவனை ஓரிடத்துக்கு அனுப்பியதைச் சொல்ல ஆங்கிலத்தில் நான்கு வழி உண்டு. ‘ஐ மேட் ஹிம் கோ’, ‘ஐ லெட் ஹிம் கோ’, ‘ஐ ஹேட் ஹிம் கோ’, ‘ஐ காட் ஹிம் டு கோ’. நான்கிலும் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆனால் முடிவு நான்கு இடத்தில் இருக்கிறது. ‘மேட்’ என்றால் அவனுக்கு இஷ்டமில்லை, என் முடிவு. ‘லெட்’ என்றால் அவனுக்கு ஆசை, நான் தடுக்கவில்லை. ‘ஹேட்’ என்றால் என் முடிவு, ஆனால் சண்டை ஏதும் இல்லை, அது அவன் வழக்கமான வேலை. ‘காட்’ என்றால் நான் பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவந்தேன், கடைசியில் சரி என்றது அவன். தமிழில் இது நமக்குப் புதிதே இல்லை. போக வைத்தேன், போக விட்டேன், போகச் சொன்னேன், பேசிச் சம்மதிக்க வைத்தேன். ‘வை’க்கும் ‘விடு’வுக்கும் உள்ள தூரம்தான் ‘மேக்’குக்கும் ‘லெட்’டுக்கும் உள்ள தூரம். பள்ளிக்கூடத்தில் இவற்றை வாய்பாடு மாதிரி ஒப்பிக்க வைப்பதற்குப் பதிலாக இந்த ஒன்றைச் சொல்லியிருந்தால் போதும் என்று தோன்றும்.

தமிழுக்கு இந்த விஷயத்தில் இன்னொரு சௌகரியமும் உண்டு. “கதவைத் திறக்கட்டுமா?” என்று கேட்டால், ‘-அட்டும்’ என்ற விகுதியே முடிவை எதிராளியிடம் கொடுத்துவிடுகிறது. “அவன் வரட்டும்” என்றால் அனுமதி என்னிடமிருந்து போகிறது. ஆங்கில வினைக்கு இப்படி ஒரு வால் கிடையாது. அதனால் துணைவினைகளைக் கட்டி மேய்க்க வேண்டியிருக்கிறது. அவற்றில் ‘ஷல்’, ‘வில்’ இரண்டின் கதை தனி.

ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயக் கணித மேதை 1653-ல் லத்தீனில் ஓர் ஆங்கில இலக்கண நூல் எழுதினார். ‘ஷல்’லையும் ‘வில்’லையும் பிரிக்கும் விதியை வகுத்துச் சொன்ன முன்னோடிகளில் அவர் ஒருவர். தன்மையில் ‘ஐ ஷல்’ என்றால் வெறும் எதிர்காலம், ‘ஐ வில்’ என்றால் என் உறுதி. முன்னிலையிலும் படர்க்கையிலும் அப்படியே தலைகீழ்: ‘யூ வில்’ என்றால் நடக்கப்போவதைச் சொல்கிறேன், ‘யூ ஷல்’ என்றால் நீ செய்தே ஆக வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அதாவது ஒரே சொல் யார் பக்கத்தில் நிற்கிறது என்பதை வைத்து முடிவு யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதைக் கிண்டல் செய்து இலக்கண வகுப்புகளில் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. ஆற்றில் விழுந்த வெளியூர்க்காரன் ஒருவன் ‘ஐ வில் ட்ரௌன், நோபடி ஷல் சேவ் மீ!’ என்று கத்தினானாம். “மூழ்கப்போகிறேனே, காப்பாற்ற யாருமில்லையே” என்று சொல்ல நினைத்தான். கரையில் நின்ற இலக்கணப் பிரியர்களின் காதில் “மூழ்குவது என்று முடிவு செய்துவிட்டேன், எவனும் காப்பாற்றக் கூடாது” என்று விழுந்தது. மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்களாம்.

பேச்சில் இந்த விதியை இன்றைக்கு யாரும் பார்ப்பதில்லை. கேள்வியில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது: ‘ஷல் ஐ ஓபன் த விண்டோ?’ என்பது நம் “திறக்கட்டுமா?” தான். ஆனால் சட்டத்தில் ‘ஷல்’ பெரிய ஆள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளை 2007-ல் எளிய நடையில் திருத்தி எழுதினார்கள். ‘ஷல்’ பல பொருள் தருகிறது, குழப்புகிறது என்று அதை எடுத்துவிட்டு, இடத்துக்கு ஏற்றபடி ‘மஸ்ட்’, ‘மே’, ‘ஷுட்’ என்று போட்டார்கள். 56-ம் விதி, முழு விசாரணைக்குப் போகாமலே ஒரு தரப்புக்குத் தீர்ப்புக் கொடுப்பதைப் பற்றியது. அங்கே ‘ஷுட்’ என்று போட்டார்கள். ‘ஷுட்’ என்றால் கொடுப்பது நல்லது, ஆனால் நீதிபதி வேண்டாம் என்று நினைக்கவும் கொஞ்சம் இடம் இருக்கிறது. ‘ஷல்’ என்றால் அந்த இடம் கிடையாது. இதில் பெரிய விவாதம் நடந்து, 2010-ல் மறுபடி ‘ஷல்’லையே கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு துணைவினை போய்விட்டுத் திரும்பி வருவதற்கு மூன்று வருடம். நீதிபதிக்குச் சுயமாகத் தேர்ந்தெடுக்கும் இடம் உண்டா இல்லையா என்பது அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது ‘யுவர் கால்’. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். எல்பிடபிள்யூ முறையீடு டிஆர்எஸ்ஸுக்கு, அதாவது தொழில்நுட்ப உதவியோடு செய்யும் மறுபரிசீலனைக்குப் போகிறது. பந்தின் பாதிக்கும் குறைவான பகுதிதான் ஸ்டம்பில் படும் என்று திரையில் தெரிகிறது. உடனே ‘அம்பயர்ஸ் கால்’ என்று எழுத்து வரும். களத்தில் நின்ற நடுவர் முதலில் என்ன சொன்னாரோ அதுவே நிற்கும். ‘கால்’ என்ற சொல்லின் உள்ளர்த்தம் முழுவதும் இதில் இருக்கிறது: விஷயம் தெளிவாக இல்லை, இரண்டு பக்கமும் சொல்லலாம், அந்த இடத்தில் நிற்பவர் ஒருவர் சொல்லியாக வேண்டும், சொன்னபின் அது செல்லும். அதனால்தான் ‘யுவர் கால்’ வேறு, ‘அப் டு யூ’ வேறு. ‘அப் டு யூ’வில் “எதுவானாலும் எனக்கு ஒன்றுதான்” என்ற அலட்சியம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். ‘யுவர் கால்’ சொல்பவருக்கு விஷயம் முக்கியம்தான், ஆனாலும் நடுவர் நீங்கள் என்று ஒத்துக்கொள்கிறார்.

அதே ஆட்டத்தில் டாஸையும் கவனியுங்கள். ‘எலெக்டெட் டு பேட்’ என்றால் டாஸ் ஜெயித்தவர்கள் பேட்டிங்கைத் தாங்களே கேட்டு வாங்கியவர்கள். ‘வேர் புட் இன் டு பேட்’ என்றால் எதிரணித் தலைவர் டாஸ் ஜெயித்து இவர்களை முதலில் ஆட விட்டிருக்கிறார். இரண்டு வாக்கியத்திலும் பேட் பிடித்து இறங்குவது ஒரே அணிதான்.

ஓர் எச்சரிக்கை: நம் ஊர் அலுவலகங்களில் ‘வீ வில் டேக் எ கால் ஆன் திஸ்’ என்றால் “இதில் ஒரு முடிவெடுப்போம்”. இது இந்திய ஆங்கிலம். லண்டன்காரருக்கு அப்படி எழுதினால் அவர் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்க வாய்ப்புண்டு. அங்கே ‘மேக் த கால்’ என்றால்தான் முடிவு.

‘கெட் டு’ என்பதை நம் பாடப்புத்தகங்கள் சரியாகச் சொல்லித் தருவதே இல்லை. ‘ஹூ கெட்ஸ் டு டிசைட்?’ என்று கேட்டால் “யாருக்கு அந்தக் கொடுப்பினை?” என்பது மாதிரி. முடிவெடுப்பது ஒரு சலுகை, அது யாருக்கோ வாய்க்கிறது. ‘ஹூ ஹேஸ் டு டிசைட்?’ என்றால் “யார் தலையில் விடிந்திருக்கிறது?”. ஒரே வேலை, ஒன்றில் வரம், மற்றதில் சுமை. அமெரிக்க அதிபர்கள் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாரி ட்ரூமனின் மேசையில் ‘த பக் ஸ்டாப்ஸ் ஹியர்’ என்ற பலகை இருந்தது. 1945 அக்டோபரில் நண்பர் ஒருவர் அனுப்பியது. போக்கர் ஆட்டத்தில் சீட்டு போடும் முறை யாருடையது என்று காட்ட ஒரு பொருளை முன்னால் வைப்பார்களாம், வேண்டாதவர் அதை அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். அதுதான் ‘பக்’. இனித் தள்ள ஆளில்லை, என்னோடு நின்றுவிடும் என்கிறது பலகை. 1953 ஜனவரி 15 அன்று ஆற்றிய விடைபெறும் உரையிலும் ட்ரூமன் சொன்னது, அதிபர் ‘ஹேஸ் டு டிசைட்’ என்றுதான். 2006 ஏப்ரல் 18 அன்று, பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டை நீக்கச் சொல்லி நெருக்கடி வந்தபோது ஜார்ஜ் புஷ் ‘ஐ ஆம் த டிசைடர்’ என்றார். நகைச்சுவைக்காரர்களுக்கு அதன்பின் வேலை குறைவில்லாமல் போனது. ‘டிசைடர்’ என்ற சொல்லை அதுவரை பலரும் தொடரின் கடைசி ஆட்டத்துக்குத்தான் வைத்திருந்தார்கள். சொல் விநோதமாக இருந்தது மட்டும் காரணமில்லை. ட்ரூமன் சுமையாகச் சொன்னதை இவர் பட்டமாகச் சொன்னார், அதுதான் காதில் உறுத்தியது என்று நினைக்கிறேன்.

வீட்டில் யார் ஆட்சி என்று கேட்க நமக்கு “மதுரையா, சிதம்பரமா?” இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஹூ வேர்ஸ் த ட்ரௌசர்ஸ்?’, அதாவது கால்சட்டை போட்டிருப்பவர் யார் என்று கேட்பார்கள். எனக்கு நம்முடையதுதான் பிடித்திருக்கிறது, மீனாட்சியின் ஆட்சிக்கு ஓர் ஊரையே கொடுத்துவிட்டோமே.

இனி உங்கள் மெயிலுக்கு நெருங்கி வருகிறேன். ஆங்கிலத்தில், அதிலும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், அதிகாரம் மிக விரும்பி உடுத்தும் உடை உணர்ச்சிச் சொற்கள். சந்தோஷம், திருப்தி, சௌகரியம், ஆசை என்று மேலோட்டமாகத் தெரியும். உள்ளே ஆணையோ மறுப்போ இருக்கும்.

நம் அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 156-வது பிரிவின்படி ஆளுநர் பதவியில் இருப்பது குடியரசுத் தலைவரின் ‘ப்ளெஷர்’ இருக்கும் வரை. ப்ளெஷர் என்றால் இன்பம் என்று அகராதியைப் பார்த்து எழுதினால் வேடிக்கையாகிவிடும். வேண்டும் என்கிற வரை இருக்கலாம், வேண்டாம் என்றால் கிளம்ப வேண்டும், அதுதான் பொருள். இங்கிலாந்து மன்னர்கள் ஒரு காலத்தில் நீதிபதிகளையும் இப்படித்தான் வைத்திருந்தார்கள். 1701-ம் ஆண்டின் ‘ஆக்ட் ஆஃப் செட்டில்மென்ட்’ அதை மாற்றி, ஒழுங்காக நடந்துகொள்ளும் வரை பதவி என்று ஆக்கியது. மன்னரின் மனநிலையிலிருந்து நீதிபதியின் நடத்தைக்கு முடிவு இடம் மாறியது. இந்தியாவில் ஆளுநர்களைப் பற்றி 2010-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ப்ளெஷர் என்பது காரணமில்லாமல் தூக்கி எறிவதற்கான உரிமம் ஆகாது என்று சொன்னது. காரணம் வேண்டும், அதை வெளியில் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் அவையில் ஆம், இல்லை என்று வாக்களிப்பதில்லை. ‘கன்டென்ட்’, ‘நாட் கன்டென்ட்’ என்பார்கள், அதாவது திருப்தி, திருப்தி இல்லை. இதைவிட அழகு அரச ஒப்புதல். மசோதாவை ஏற்றால் பழைய நார்மன் பிரெஞ்சில் “மன்னர் இதை விரும்புகிறார்” என்று வாசிப்பார்கள். மறுத்தால் வாசிக்க வேண்டியது, “மன்னர் யோசித்துப் பார்ப்பார்”. கடைசியாக 1708-ல் ஆன் ராணி ஸ்காட்லாந்து மிலிஷியா மசோதாவை இப்படி “யோசித்துப்” பார்த்தார். மசோதா அதோடு செத்தது. நம் ஊரில் கல்யாணத் தரகரிடம் “பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்புவதும் இதே இலக்கணம்தான்.

அந்தப் பழக்கம் அரண்மனையிலிருந்து இறங்கி ஆபீசுக்கு வந்துவிட்டது. ‘ஐ ஆம் ஹாப்பி ஃபார் யூ டு கோ அஹெட்’ என்று மேலாளர் எழுதினால் அவர் ஆனந்தத்தில் மிதக்கவில்லை, அனுமதி கொடுக்கிறார். ‘ஐ ஆம் நாட் என்டயர்லி கம்ஃபர்ட்டபிள் வித் திஸ்’ என்றால் நாற்காலி சரியில்லை என்று பொருள் கிடையாது. அது தடை. ‘வெரி இன்ட்ரஸ்டிங்’ பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னொரு பதில் எழுத வேண்டியிருக்கும்.

உணர்ச்சிச் சொற்களுக்கு அடுத்தபடி ஏமாற்றக்கூடியவை ஆலோசனைச் சொற்கள். மருத்துவமனையில் ‘டிஸ்சார்ஜ்டு அகெய்ன்ஸ்ட் மெடிக்கல் அட்வைஸ்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அங்கே அட்வைஸ் உண்மையிலேயே அட்வைஸ்தான். டாக்டர் சொன்னார், நோயாளி கேட்கவில்லை, முடிவு நோயாளியுடையது என்று அந்த வாக்கியமே ஒத்துக்கொள்கிறது. அதே சொல் நம் அரசமைப்புச் சட்டத்தின் 74-வது பிரிவில் வரும்போது பாருங்கள். அமைச்சரவை குடியரசுத் தலைவருக்கு ‘எய்ட் அண்ட் அட்வைஸ்’ செய்யும். முதலில் எழுதியபோது அவ்வளவுதான் இருந்தது. கேட்டே ஆக வேண்டுமா என்று எழுத்தில் இல்லை, மரபில் இருந்தது. 1976-ல் 42-வது திருத்தம் அந்த அறிவுரைப்படி அவர் ‘ஷல் ஆக்ட்’ என்று சேர்த்தது. பழைய நண்பர் ‘ஷல்’ வந்துவிட்டார் பாருங்கள். 1978-ல் 44-வது திருத்தம், ஒரு முறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், அப்புறம் வருவதை ஏற்க வேண்டும் என்றது. ஆக, ஓர் இடத்தில் அட்வைஸ் என்பது காதில் போட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று, இன்னோர் இடத்தில் அது கட்டளை.

‘கன்சல்டேஷன்’ என்ற சொல் இதைவிடப் பெரிய ஆட்டம் ஆடியிருக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், தலைமை நீதிபதியைக் ‘கன்சல்ட்’ செய்ய வேண்டும் என்கிறது 124-வது பிரிவு. தலைமை நீதிபதியின் சம்மதம் கட்டாயம் என்று வைக்கலாமே என்று அரசியல் நிர்ணய சபையில் கேட்டார்கள். 1949 மே 24 அன்று அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. தலைமை நீதிபதியும் நம்மைப் போல விருப்பு வெறுப்புள்ள மனிதர்தான், அவர் கையில் தடுப்பு அதிகாரத்தைக் கொடுப்பது ஆபத்து என்பது அவர் வாதம். 1981-ல் உச்ச நீதிமன்றமும் கன்சல்டேஷன் என்றால் கலந்துபேசுவதுதான், சம்மதம் வாங்குவது ஆகாது என்றது. 1993-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதைப் புரட்டிப்போட்டது: இனி தலைமை நீதிபதி தரப்பின் கருத்துக்கே முதன்மை. 1998-ல் அந்தத் தரப்பு என்பது தலைமை நீதிபதியும் அடுத்த நான்கு மூத்த நீதிபதிகளும் என்று வரையறை வந்தது. இன்று நாம் கொலீஜியம் என்கிறோமே, அதுதான். அதை மாற்ற நாடாளுமன்றம் கொண்டுவந்த 99-வது திருத்தத்தை 2015-ல் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் நீதிமன்றம் செல்லாது என்றது. 1993-ல் புரட்டிப்போட்டபோது 124-வது பிரிவின் அந்தச் சொல் மாறவே இல்லை. 1950-ல் இருந்த கன்சல்டேஷன்தான் 1993-லும் இருந்தது. முடிவு மட்டும் வீடு மாறிப் போயிருந்தது. சொல்லை வைத்து அதிகாரத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று இவ்வளவு நேரம் சொன்னேன் அல்லவா, இது அதன் எல்லை. சில சொற்களுக்குப் பொருள் சொல்லும் உரிமை யாருக்கு என்பதே ஒரு முடிவு.

செயப்பாட்டு வினையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘இட் ஹேஸ் பீன் டிசைடட்’ என்றால் முடிவெடுத்தவர் அறையை விட்டு எப்போதோ போய்விட்டார். ‘ஐ ஆம் டைரக்டட் டு ஸ்டேட்’ என்று தொடங்கும் அரசுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரைத் திட்டிப் பயனில்லை, அவரை யாரோ சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசாணையின் அடியில் “ஆளுநரின் ஆணைப்படி” என்று இருக்கும். அந்த ஆணையை அவர் தனியாக உட்கார்ந்து முடிவு செய்தார் என்று யாரும் நினைப்பதில்லை. 166-வது பிரிவின்படி மாநில அரசின் செயல்கள் எல்லாம் அவர் பெயரில்தான் வெளியாக வேண்டும்.

கடைசியாக உங்கள் ‘யூ மைட் வான்ட் டு’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் “நீங்கள் விரும்பலாம்”. விரும்புவது நீங்கள் என்று எழுவாய் சொல்கிறது. உண்மையில் விரும்புவது அவர். தன் விருப்பத்தை உங்கள் வாயில் வைத்துவிட்டார், அதுவும் ‘மைட்’ என்ற பஞ்சில் சுற்றி. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு இப்படி எழுதினால், பத்துக்கு ஒன்பது தடவை அது “மாற்றிவிடு” தான். அதே வாக்கியம் பக்கத்து மேசை நண்பரிடமிருந்து வந்தால் வெறும் யோசனை. ‘இஃப் ஐ வேர் யூ’, ‘ஐ வுட் பி இன்க்ளைன்ட் டு’, ‘பெர்ஹாப்ஸ் வீ குட்’ எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள். இதற்கு இலக்கணத்தில் தடயம் கிடையாது, யார் எழுதியது என்பதுதான் தடயம்.

சந்தேகம் வந்தால் அவர்கள் மொழியிலேயே திருப்பிக் கேட்டுவிடுங்கள்: ‘ஆர் யூ ஹாப்பி ஃபார் மீ டு லீவ் இட் ஆஸ் இட் இஸ்?’ இருந்தபடியே விடட்டுமா என்பதுதான். ‘யெஸ், யுவர் கால்’ என்று வந்தால் முடிவு உங்களுடையது, தைரியமாக விடுங்கள். ‘ஐ வுட் ராதர் யூ டிடின்ட்’ என்று வந்தால் வேண்டாம் என்று அர்த்தம், ‘ராதர்’ இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். அறிக்கையின் இரண்டாம் பகுதியை மட்டும் கேட்கவே வேண்டாம். இன்றைக்கே மாற்றி அனுப்பிவிடுங்கள்.